பாஸ்வேர்டு சரி, மெயில் மட்டும் வரவில்லை: தண்டர்பேர்டு உள்நுழைவுச் சிக்கல்கள், அறிகுறி வாரியாக

சின்ன அலுவலகங்களுக்குக் கணினி வேலை பார்த்துக் கொடுப்பவன் நான். ஆடிட்டர் ஆபீஸ், அச்சகம், ட்ராவல்ஸ், சில மொத்த வியாபாரக் கடைகள். இவர்களில் பலர் இன்றும் மெயிலை பிரௌசரில் பார்ப்பதில்லை. கணினியில் போட்டுக்கொள்ளும் மெயில் புரோகிராம்தான்: தண்டர்பேர்டு, இல்லாவிட்டால் அவுட்லுக். அங்கிருந்து வருகிற போனில் முதல் வாக்கியம் எப்போதும் ஒன்றுதான்: “பாஸ்வேர்டு கரெக்டாத்தாங்க போடுறேன், எடுக்க மாட்டேங்குது.”

அவர்கள் சொல்வது பெரும்பாலும் உண்மை. பாஸ்வேர்டு சரிதான், புரோகிராம் அதை நீட்டுகிற விதத்தைத்தான் சர்வர் ஏற்பதில்லை. கணக்கின் பாஸ்வேர்டை அப்படியே கொடுத்து நுழைகிற வழியை கூகுள் தனிநபர் கணக்குகளில் 2022 மே 30-இல் மூடியது. மைக்ரோசாஃப்ட் அலுவலகக் கணக்குகளில் 2022 அக்டோபரில் மூடத் தொடங்கியது. ஹாட்மெயில், அவுட்லுக் டாட் காம் கணக்குகளுக்கு 2024 செப்டம்பர் 16-இல் மூடியது. இப்போது நாம் அந்த நிறுவனத்தின் சொந்தப் பக்கத்தில் நுழைகிறோம்; அது தரும் அனுமதிச் சீட்டு ஒன்றைத்தான் புரோகிராம் வாங்கி வைத்துக்கொள்கிறது. இந்த முறைக்குப் பெயர் ஓஆத்2. தியரி இவ்வளவு போதும்.

## கை வைப்பதற்கு முன்

கணக்கை அழித்துவிட்டுப் புதிதாகப் போடாதீர்கள். எல்லோருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். கணக்கு பாப் முறையில் (மெயிலை சர்வரிலிருந்து கணினிக்கு இறக்கிக்கொள்ளும் முறை) இருந்தால் மெயில்கள் அந்தக் கணினியில் மட்டுமே இருக்கலாம். அழிக்கும்போது ‘ரிமூவ் மெசேஜ் டேட்டா’ என்ற கட்டத்தில் டிக் விழுந்துவிட்டால் கதை முடிந்தது. ஓர் அச்சகத்தில் நான் போய்ச் சேர்வதற்குள் உரிமையாளரின் மருமகன் உதவி செய்கிறேன் என்று அதைச் செய்து வைத்திருந்தார். வாடிக்கையாளர்கள் “ஓகே, அடிக்கலாம்” என்று அனுப்பியிருந்த நான்கு வருட மெயில் போனது போனதுதான்.

அதே கணக்கை பிரௌசரில் திறந்து பாருங்கள். ஏற்கனவே திறந்திருக்கும் ஜிமெயிலைப் பார்த்து “வருதே” என்று சொல்லாதீர்கள். பிரைவேட் விண்டோ ஒன்றைத் திறந்து, முகவரியையும் பாஸ்வேர்டையும் கையால் அடித்து நுழையுங்கள்.

நுழைய முடியாவிட்டால் தண்டர்பேர்டில் தேட ஒன்றுமில்லை. பாஸ்வேர்டு மீட்கும் வேலையைப் பாருங்கள்.

நுழைய முடிந்தால் ஒரு நிமிடம் செலவழித்து அனுப்பிய மெயில்களையும், ஃபில்டர், ஃபார்வர்டிங் அமைப்புகளையும் பாருங்கள். நீங்கள் போடாத ஃபார்வர்டு அங்கே இருந்தால் வேறு யாரோ கணக்குக்குள் இருக்கிறார். பாஸ்வேர்டை மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்றி, இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள். உங்கள் பெயரில் யாருக்காவது வேறு வங்கிக் கணக்கு எண் போட்ட பில் போயிருந்தால், பணம் நகர்வதற்குள் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அடியுங்கள். தண்டர்பேர்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

## அறிகுறி 1: நேற்று வரை வந்தது, இன்று பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டே இருக்கிறது

### யாராவது பாஸ்வேர்டை மாற்றினார்களா?

முதலில் இதைக் கேளுங்கள். ஆபீஸில் இல்லாவிட்டால் வீட்டில். கூகுள் பாஸ்வேர்டை மாற்றினால் பழைய அனுமதிச் சீட்டும் செல்லாது, ஆப் பாஸ்வேர்டுகளும் (ஒரு புரோகிராமுக்கென்று தனியாக எடுக்கும் பாஸ்வேர்டுகள்) செல்லாது. தண்டர்பேர்டு கூகுளின் நுழைவுப் பக்கத்தைத் திறந்து ஒருமுறை கேட்டால், அது பழுதில்லை. புதிய பாஸ்வேர்டைக் கொடுத்து அனுமதித்தால் முடிந்தது.

கூகுளின் பக்கம் வராமல் தண்டர்பேர்டின் சின்னப் பெட்டியே பாஸ்வேர்டு கேட்கிறதா? அப்படியானால் அடுத்தது.

### ‘நார்மல் பாஸ்வேர்டு’ என்று இருக்கிறதா?

‘அக்கவுண்ட் செட்டிங்ஸ்’ திறந்து, இடது பக்கம் உங்கள் கணக்கின் கீழே ‘சர்வர் செட்டிங்ஸ்’ போங்கள். அங்கே மூன்று இடம் பாருங்கள்.

- போர்ட்: ஐமேப் (மெயில் சர்வரிலேயே இருக்கும் முறை) என்றால் 993
- ‘கனெக்‌ஷன் செக்யூரிட்டி’: எஸ்எஸ்எல்/டிஎல்எஸ்
- ‘ஆத்தென்டிகேஷன் மெத்தட்’: ஜிமெயில், அவுட்லுக், யாஹூ மூன்றுக்கும் ஓஆத்2

மூன்றாவதில் ‘நார்மல் பாஸ்வேர்டு’ இருந்தால் ஓஆத்2-க்கு மாற்றி, தண்டர்பேர்டை மூடித் திறந்து, ‘கெட் மெசேஜஸ்’ அழுத்துங்கள். நுழைவுப் பக்கம் வரும். மேலே தெரியும் முகவரி கூகுளுடையதுதானா என்று பார்த்துவிட்டு பாஸ்வேர்டைக் கொடுங்கள்.

கடைசியில் கூகுள் ஓர் அனுமதி கேட்கும். உங்கள் மெயில்களைப் படிக்க, எழுத, அனுப்ப, நிரந்தரமாக அழிக்க தண்டர்பேர்டுக்கு அனுமதி தருகிறீர்களா என்று. இந்த ‘நிரந்தரமாக அழிக்க’ என்பதைப் படித்ததும் பாதிப் பேர் பயந்து ‘கேன்சல்’ அழுத்திவிடுகிறார்கள். பிறகு “மறுபடி கேக்குதுங்க” என்று போன். பயப்பட ஒன்றுமில்லை. நீங்கள் ஒரு மெயிலை டிலீட் செய்தால் அது சர்வரிலும் அழிய வேண்டுமே, அதற்கான அனுமதிதான்.

அதே பட்டியலில் ‘என்கிரிப்டட் பாஸ்வேர்டு’ என்று ஒன்று இருக்கும். பெயர் பாதுகாப்பாகத் தெரிகிறதே என்று அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அது பழைய முறை, பல சர்வர்கள் ஏற்காது.

### ஓஆத்2 போட்டும் சுற்றிச் சுற்றி வருகிறதா?

பழைய பாஸ்வேர்டோ பழைய சீட்டோ உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும். ‘செட்டிங்ஸ்’, ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’, ‘சேவ்ட் பாஸ்வேர்ட்ஸ்’. அந்தக் கணக்குக்கு உரிய வரிகளை எல்லாம் நீக்குங்கள். ஐமேப் என்று ஒன்று, எஸ்எம்டிபி (மெயில் அனுப்பும் வழி) என்று ஒன்று, ஓஆத் என்று தொடங்குவது ஒன்று, ஆக மூன்று வரை இருக்கும். ஒன்றை விட்டாலும் சுற்றல் தொடரும். நீக்கிவிட்டு மூடித் திறங்கள்.

இரண்டு மூன்று ஜிமெயில் வைத்திருப்பவர்கள் நுழைவுப் பக்கத்தில் தவறான முகவரியைத் தொட்டுவிடுவதும் உண்டு. கடை முகவரிக்கான பெட்டியில் சொந்த முகவரியைக் கொடுத்தால் பாஸ்வேர்டு ஏற்கப்படும். ஆனால் மெயில் வராது. குழப்பமான பழுது இது, நானே ஒருமுறை அரை மணி நேரம் தேடியிருக்கிறேன்.

### பட்டியலில் ஓஆத்2 இல்லவே இல்லையா?

உங்கள் முகவரி சொந்த டொமைனில், ஹோஸ்டிங் கம்பெனி கொடுத்த மெயில் பெட்டியாக இருந்தால், அங்கே ஓஆத்2 இருக்காது. அதைத் தேடி அலைய வேண்டாம். எஸ்எஸ்எல்/டிஎல்எஸ் போட்டு ‘நார்மல் பாஸ்வேர்டு’ வைப்பதுதான் சரி; பாஸ்வேர்டு மறையாக்கம் செய்யப்பட்ட இணைப்புக்குள்ளேதான் போகிறது. ‘கனெக்‌ஷன் செக்யூரிட்டி’யில் ‘நன்’ என்று மட்டும் இருக்கக் கூடாது.

ஜிமெயிலாகவே இருந்தும் ஓஆத்2 இல்லையென்றால் தண்டர்பேர்டு மிகப் பழசு. புதுப்பியுங்கள். விண்டோஸ் 7 கணினியில் 115-ஆம் பதிப்போடு நின்றுவிடும், அதற்குமேல் ஏறாது. இப்போதைக்கு அது வேலை செய்யும் என்றாலும், கணினி மாற்றும் செலவை அடுத்த பட்ஜெட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

### புரோகிராமுக்கு ஓஆத்2 தெரியாது, மாற்றவும் வழியில்லை என்றால்

கூகுள், யாஹூ கணக்குகளுக்கு ஆப் பாஸ்வேர்டு எடுக்கலாம். கூகுளில் முதலில் இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட வேண்டும். போடாதவர்களுக்கு அந்தப் பக்கமே திறக்காது. நான்கு நான்காகப் பிரித்து 16 எழுத்து காட்டும். ஒரே ஒரு முறைதான் காட்டும். இடைவெளி இல்லாமல் அடித்து, புரோகிராமில் பாஸ்வேர்டு கேட்கும் இடத்தில் கொடுங்கள். அங்கே முறை ‘நார்மல் பாஸ்வேர்டு’ என்றே இருக்க வேண்டும். ஆப் பாஸ்வேர்டை எடுத்து வைத்துக்கொண்டு ஓஆத்2 பெட்டியில் அடித்துப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள்.

என் கருத்து: ஓஆத்2 போடக்கூடிய இடத்தில் ஆப் பாஸ்வேர்டு வேண்டாம். அது மானிட்டர் ஓரத்தில் ஒட்டிய சீட்டில் போய் முடிகிறது.

## அறிகுறி 2: நுழைவுப் பக்கம் வெள்ளையாக நிற்கிறது, அல்லது வந்ததும் மூடிக்கொள்கிறது

### குக்கீ

காசில்லாத வேலை, முதலில் இது. ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’யில் ‘அக்செப்ட் குக்கீஸ் ஃப்ரம் சைட்ஸ்’ டிக் இருக்க வேண்டும். பாதுகாப்புக்கு என்று யாரோ எடுத்துவிட்டிருப்பார்கள். குக்கீ இல்லாமல் கூகுள், மைக்ரோசாஃப்ட் இரண்டு பக்கமும் முன்னேறாது. எல்லாத் தளத்துக்கும் திறந்துவிட மனமில்லையென்றால் பக்கத்திலேயே ‘எக்ஸெப்ஷன்ஸ்’ இருக்கிறது, அந்த நுழைவுத் தளத்துக்கு மட்டும் அனுமதி கொடுக்கலாம்.

### ஆட்ஆன்

தண்டர்பேர்டை ‘ட்ரபுள்ஷூட் மோட்’-இல் திறந்து பாருங்கள். அதில் சரியாக வந்தால் ஏதோ ஓர் ஆட்ஆன்தான் காரணம். ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள்.

### ஆன்டிவைரஸ்

மெயிலையும் வெப் பக்கத்தையும் வழியில் பிரித்துப் பார்க்கும் வசதி இருந்தால் அதை மட்டும் பத்து நிமிடம் நிறுத்திச் சோதியுங்கள். முழு ஆன்டிவைரஸையும் கழற்றத் தேவையில்லை.

இவை மூன்றிலும் சரியாகவில்லையென்றால் புதிய புரொஃபைல் (தண்டர்பேர்டு உங்கள் கணக்குகளையும் மெயில்களையும் வைத்திருக்கும் இடம்) ஒன்று உருவாக்கி அதில் அந்தக் கணக்கை மட்டும் போட்டுப் பாருங்கள். புதியதில் வருகிறது, பழையதில் வரவில்லை என்றால் பழைய புரொஃபைல் கெட்டிருக்கிறது. பழைய மெயில்களை அதிலிருந்து இதற்கு நகர்த்துவது வீட்டில் செய்து பார்க்கிற வேலை இல்லை. காப்பு எடுக்கத் தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி 3: மெயில் வருகிறது, அனுப்பினால் போகவில்லை

இதற்குக் காரணம் பெரும்பாலும் ஒரே ஒரு மறதி. வருகிற வழிக்கும் போகிற வழிக்கும் அமைப்பு தனித்தனி. மேலே மாற்றியது வருகிற வழியை மட்டும்தான். ‘அக்கவுண்ட் செட்டிங்ஸ்’ இடது பட்டியலின் அடிவாரத்தில் ‘அவுட்கோயிங் சர்வர்’ என்று இருக்கும். கீழே உருட்டினால்தான் தெரியும். அதைத் திறந்து ‘எடிட்’ அழுத்துங்கள்.

### எல்லா வரியும் பொருந்துகிறதா?

போர்ட் 465 என்றால் எஸ்எஸ்எல்/டிஎல்எஸ். 587 என்றால் ஸ்டார்ட்டிஎல்எஸ். இரண்டையும் குறுக்கே மாற்றிப் போட்டால் பிழை என்றுகூடச் சொல்லாது. நீலக்கோடு ஓடிக்கொண்டே இருந்து, கடைசியில் ‘டைம்டு அவுட்’ என்று நிற்கும். ஜிமெயிலுக்கு இரண்டு ஜோடியும் சரி. மைக்ரோசாஃப்டுக்கு 587-தான். 25 என்று இருந்தால் அது பத்து வருடப் பழைய அமைப்பு, மாற்றுங்கள்.

‘யூசர் நேம்’ முழு முகவரியா, காலியாக இருக்கிறதா? முறை ‘நோ ஆத்தென்டிகேஷன்’ என்று இருக்கிறதா? அதையும் ஓஆத்2-க்கு மாற்றுங்கள்.

### அனுப்புகிற கணக்குக்குச் சரியான சர்வர் கட்டப்பட்டிருக்கிறதா?

நான்கு கணக்கு உள்ள கணினியில் நான்கும் ஒரே அவுட்கோயிங் சர்வரில் தொங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். கணக்கின் பெயர் மீது கிளிக் செய்தால் வலது பக்கம் கீழே, எந்த சர்வர் என்று தெரியும்.

### பிழை எண் என்ன சொல்கிறது?

வருகிற பெட்டியை மூடிவிடாமல் எண்ணைப் படியுங்கள்.

- 535 5.7.8 (ஜிமெயில்): பெயரும் பாஸ்வேர்டும் ஏற்கப்படவில்லை. முறையைப் பாருங்கள்.
- 534 5.7.9 (ஜிமெயில்): ஆப் பாஸ்வேர்டு வேண்டும் என்கிறது. ஓஆத்2-க்கு மாற்றினால் அதுவும் தேவையில்லை.
- 535 5.7.139 (மைக்ரோசாஃப்ட்): கூடவே ‘எஸ்எம்டிபி கிளையன்ட் ஆத்தென்டிகேஷன் டிஸேபிள்டு’ என்று வந்தால் உங்கள் கணினியில் செய்ய ஒன்றுமில்லை. ஆபீஸ் நிர்வாகி தன் பக்கத்தில் அந்தப் பயனரின் ‘மெயில்’ பகுதியில் ‘மேனேஜ் ஈமெயில் ஆப்ஸ்’ திறந்து, ‘ஆத்தென்டிகேட்டட் எஸ்எம்டிபி’யில் டிக் போட வேண்டும்.

### எல்லாம் சரி, ஆனாலும் போகவில்லை

போனில் ஹாட்ஸ்பாட் போட்டு கணினியை அதில் இணைத்து அனுப்பிப் பாருங்கள். அதில் போனால் ஆபீஸ் ஃபயர்வாலோ இணைய இணைப்போ வழியை அடைக்கிறது. அந்த ஆட்களிடம் “587 திறந்திருக்கிறதா” என்று கேளுங்கள். வேறு எதையும் விளக்க வேண்டாம்.

## அறிகுறி 4: சான்றிதழ் எச்சரிக்கை வருகிறது

‘கன்ஃபர்ம் செக்யூரிட்டி எக்ஸெப்ஷன்’ என்ற பொத்தானை அழுத்தினால் எச்சரிக்கை போய்விடும். அதனால்தான் எல்லோரும் அழுத்துகிறார்கள். அழுத்தாதீர்கள். அந்தப் பொத்தானுக்கு அந்தப் பக்கம் இருப்பது உங்கள் சர்வர்தானா என்பதே சந்தேகம் என்று புரோகிராம் சொல்கிறது.

### கணினியின் வலது மூலையில் தேதியைப் பாருங்கள்

சிரிக்காதீர்கள். ஓர் ஆடிட்டர் ஆபீஸில், ஜிஎஸ்டி தாக்கல் செய்ய வேண்டிய நாளில், எந்த மெயிலும் திறக்கவில்லை. ஆன்டிவைரஸைக் குற்றம் சொல்லி அதைக் கழற்றி வைத்திருந்தார்கள். போய்ப் பார்த்தால் தேதி 2009 ஜனவரி 1. இரவு மின்சாரம் போய் வந்திருக்கிறது. மதர்போர்டில் இருக்கும் நாணயம் போன்ற பேட்டரி செத்துப்போயிருக்கிறது. 2009-இல் நிற்கும் கணினிக்கு இன்றைய சான்றிதழ் எதுவும் இன்னும் பிறக்கவே இல்லை. தேதியைச் சரி செய்ததும் வந்துவிட்டது. ஆனால் அடுத்த முறை மின்சாரம் போனால் மறுபடி அதே கதைதான், அதனால் பேட்டரியை மாற்றினேன். சிஆர்2032 என்று கேட்டால் கடிகாரக் கடையிலேயே கிடைக்கும்.

### தேதி சரி என்றால்

எச்சரிக்கைப் பெட்டியில் ‘வியூ’ அழுத்தி, சான்றிதழை யார் கொடுத்திருக்கிறார்கள் என்று படியுங்கள்.

உங்கள் ஆன்டிவைரஸ் பெயர் இருக்கிறதா? அதன் மெயில் ஸ்கேனை நிறுத்துங்கள்.

ஹோஸ்டிங் கம்பெனியின் பெயர் இருக்கிறதா? நீங்கள் சர்வர் பெயராக உங்கள் டொமைனைப் போட்டிருக்கிறீர்கள், சான்றிதழ் அவர்கள் சர்வர் பெயரில் இருக்கிறது. அவர்களிடம் சரியான சர்வர் பெயரைக் கேட்டு வாங்கி அதைப் போடுங்கள்.

காலாவதி ஆகியிருக்கிறதா? ஹோஸ்டிங் கம்பெனியைக் கூப்பிடுங்கள். அவர்கள் புதுப்பிக்கும்வரை பிரௌசரில் பாருங்கள்.

இவை எதுவும் இல்லாமல் கேள்விப்படாத பெயர் ஒன்று இருந்தால், அதுவும் ஓட்டல், விமான நிலைய வைஃபையில் இருக்கும்போது என்றால், இணைப்பைத் துண்டித்துவிட்டு மொபைல் டேட்டாவுக்கு மாறுங்கள்.

## அறிகுறி 5: ஆபீஸில் ஒருவருக்கும் வரவில்லை, போனில் மட்டும் வருகிறது

ஹோஸ்டிங் கம்பெனி மெயில் வைத்திருப்பவர்களுக்கு வரும் பழுது. பிரௌசரில் வெப்மெயில்கூடத் திறக்காது. ஹாட்ஸ்பாட் போட்டால் எல்லாம் திறக்கும். பார்ப்பதற்கு சர்வரே படுத்துவிட்டதுபோல இருக்கும்.

உண்மையில் சர்வர் உங்கள் ஆபீஸ் ஐபி முகவரியை அடைத்து வைத்திருக்கிறது. தொடர்ந்து தவறான பாஸ்வேர்டு வந்தால் தானாக அடைக்கும். யார் அனுப்புகிறார்கள்? ஒரு ஜவுளி மொத்தக் கடையில் இதைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. பாஸ்வேர்டை மாற்றியிருந்தார்கள், எல்லாக் கணினியிலும் புதியதைப் போட்டாயிற்று. ஆனால் குடோனில், ஸ்டாக் எழுதுகிற மேசையில், யாரும் பார்க்காத ஒரு பழைய போன் சார்ஜில் கிடந்தது. அது கடை வைஃபையில் இருந்துகொண்டு சில நிமிடங்களுக்கு ஒருமுறை பழைய பாஸ்வேர்டோடு கதவைத் தட்டிக்கொண்டே இருந்தது.

ரவுட்டரை நிறுத்திப் போட்டால் சில இணைப்புகளில் புதிய ஐபி கிடைத்து மெயில் வந்துவிடும். சரியாகிவிட்டது என்று நினைப்பீர்கள். மதியத்துக்குள் அதுவும் அடைபடும். அதனால் வரிசை இப்படி: முதலில் பழைய பாஸ்வேர்டு உள்ள சாதனத்தைத் தேடுங்கள். மேலாளரின் வீட்டு லேப்டாப், மெயில் அனுப்பும் ஸ்கேனர், சிசிடிவி பெட்டி வரை சந்தேகப்படுங்கள். பிறகு ஹோஸ்டிங் கம்பெனிக்குப் போன் செய்து உங்கள் ஐபியைச் சொல்லி விடுவிக்கச் சொல்லுங்கள். சாதனம் கிடைக்கவில்லையென்றால், எந்த முகவரியின் பெயரில் தவறான முயற்சி வருகிறது என்று அவர்களையே கேளுங்கள். அவர்கள் லாகில் இருக்கும்.

## அறிகுறி 6: ‘நீட் அட்மின் அப்ரூவல்’

மைக்ரோசாஃப்ட் அலுவலகக் கணக்கில் வரும். பாஸ்வேர்டு சரி, ஓடிபி சரி, கடைசிப் பக்கத்தில் நிற்கிறது. தண்டர்பேர்டை உங்கள் நிறுவனம் இன்னும் அனுமதிக்கவில்லை என்று அர்த்தம். நீங்களோ நானோ செய்யக்கூடியது எதுவுமில்லை. நிர்வாகிக்கு அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்புங்கள். கூகுளின் நிறுவனக் கணக்கிலும் இதேபோல நிர்வாகி தடுத்து வைக்க முடியும். மாற்று வழி காட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நாளை கேள்வி வந்தால் உங்களிடம்தான் வரும்.

## அவுட்லுக் வைத்திருப்பவர்களுக்கு

சுருக்கமாக. அவுட்லுக் 2010-க்கு இந்தப் புதிய முறை தெரியாது, சொல்லிக் கொடுக்கவும் முடியாது. ஜிமெயில் என்றால் ஆப் பாஸ்வேர்டு கொடுத்து ஓட்டலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கு என்றால் அந்த வழியும் இல்லை. புதிய அவுட்லுக் வாங்குங்கள், அல்லது காசு கொடுக்காமல் தண்டர்பேர்டுக்கு வாருங்கள். அவுட்லுக் மெயில்களைச் சேர்த்து வைக்கும் பழைய பிஎஸ்டி கோப்பு பல ஜிபி இருந்தால் அதை நகர்த்துவதற்கு மட்டும் ஆளை வையுங்கள்.

## போன் செய்யும் முன்

பிழைப் பெட்டியை முழுதாக, எண் தெரியும்படி போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். “என்னமோ இங்கிலீஷ்ல வந்துச்சு, மூடிட்டேன்” என்றால் நான் நேரில் வர வேண்டியிருக்கும், அது தனிக் கட்டணம். ஹாட்ஸ்பாட்டில் வந்ததா, பிரைவேட் விண்டோவில் திறந்ததா, கடைசியாக எப்போது பாஸ்வேர்டு மாற்றினீர்கள் என்ற மூன்றுக்கும் பதில் வைத்திருங்கள். பாஸ்வேர்டையோ ஓடிபியையோ வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்ப வேண்டாம். திரையில் நீங்களே அடிக்கும்போது நான் அந்தப் பக்கம் திரும்பி நிற்கிறேன்.